கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குத் தடுப்பாட்டம் கற்பித்தல்: முழுமையான வழிகாட்டி

கல்லூரி அணிக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள்: பந்தைத் தட்டிப் பறிக்கும் பயிற்சி, இல்லையென்றால் 2-3 சோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் என நின்று, ஆளுக்குப் பதிலாக இடத்தைக் காக்கும் முறை). இரண்டும் கடைசியில் வர வேண்டியவை. ஐந்து பேரும் பந்து போகும் திசைக்கேற்ப ஒரே நேரத்தில் இடம் மாறும் அணிக்குத்தான் தடுப்பாட்டம் அமைகிறது. அந்தப் பழக்கம் வருவதற்கு முன் பறிக்கப் போனால், பறிக்கப் போனவர் விட்டுச் சென்ற இடத்தில்தான் எதிரணி லே-அப் (வளையத்துக்கு மிக அருகிலிருந்து போடும் எளிய ஷாட்) போடும். கீழே உள்ள வரிசை, காவிரி டெல்டாவின் கல்லூரித் திடல்களில் சிமென்ட் தரையில் பயிற்சி கொடுத்துத் தேறிய வரிசை. ஒரு படி கைவந்த பிறகே அடுத்த படிக்குப் போகவும், ஏனெனில் ஒவ்வொரு படியும் முந்தையது சரியாக நடந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அமைந்தது.

1. தொடங்குமுன் தேவையானவை

குறைந்தது பத்து பேர் வேண்டும். தடுப்பாட்டத்தைத் தனியாகவோ மூன்று பேராகவோ கற்க முடியாது. எதிரே பந்தைச் சுற்றிவிட ஆள் இருந்தால்தான் நிற்கும் இடம் புரியும். பந்து இரண்டு போதும். ஒரு விசில், தரையில் இடம் குறிக்கச் சுண்ணக்கட்டி, குறிப்பெழுத ஒரு நோட்டு, அதை எழுத விளையாடாத ஒரு மாணவர் ஆகியவை வேண்டும்.

தரையைப் பயிற்சியாளரே நடந்து பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலைகளில் பனி இறங்கிய சிமென்ட் தரை வழுக்கும்; பக்கவாட்டில் கால் நகர்த்தும் பயிற்சியை அந்த ஈரத்தில் வைத்தால் கணுக்கால் பிசகும். சாக்கு வைத்துத் துடைத்துவிட்டோ வெயில் ஏறிய பிறகோ தொடங்கவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திடல் பல நாள் கிடைக்காது. அந்நாட்களில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையிலேயே நிற்கும் நிலை, பாக்ஸ் அவுட் (தவறிய ஷாட்டை மீட்கும்போது, அதாவது ரீபவுண்டில், எதிரியை முதுகால் மறித்தல்), ஸ்கிரீனில் (தடுப்பவரின் வழியை எதிரணி ஆள் நின்று மறிக்கும்போது) குரல் கொடுத்தல் ஆகிய மூன்றையும் பந்தில்லாமல் பழக்கலாம். மழைக்காகப் பயிற்சியையே நிறுத்திவிடும் அணி, மழை விட்டதும் மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விதிகளில் ஒரு தெளிவு அவசியம். நம் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி நடப்பவை: பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு, தாக்குதலுக்கு 24 விநாடி, பந்தைப் பாதித் திடல் தாண்டிக் கொண்டுவர 8 விநாடி, கால்பகுதிக்கு நான்கு அணி ஃபவுல்களுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு தடுப்பாட்ட ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்), ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. மாணவர்கள் கைப்பேசியில் பார்க்கும் அமெரிக்க ஆட்டங்கள் வேறு. அங்கே ஆண்கள் கல்லூரி ஆட்டம் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு, தாக்குதலுக்கு 30 விநாடி. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் தடுப்பவரும் யாரையும் நெருங்கிக் காக்காமல் பெயிண்டுக்குள் (வளையத்துக்கு முன்னுள்ள செவ்வகப் பகுதிக்குள்) மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. இது தெரியாத மாணவர், உள்ளே நின்று உதவ வேண்டிய நேரத்தில் அவசரமாக வெளியே ஓடிவிடுவார்.

2. எதை நல்ல தடுப்பாட்டம் என்று எண்ணுவது

எதிரணி எடுத்த புள்ளிகளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் ஆட்டம் மெதுவாக நடந்தால் புள்ளிகள் தாமாகவே குறையும். எனவே எதிரணிக்குக் கிடைத்த தாக்குதல் வாய்ப்புகளை எண்ண வேண்டும். கணக்கு எளிது: எதிரணியின் ஷாட் முயற்சிகளில் அவர்களே திரும்ப எடுத்த ரீபவுண்டுகளைக் கழித்து, அவர்கள் பந்தை இழந்த முறைகளைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கிச் சேர்க்கவும்.

எடுத்துக்காட்டாக, எதிரணி 60 ஷாட் போட்டு, அதில் 10 ரீபவுண்டைத் தாமே எடுத்து, 16 முறை பந்தை இழந்து, 20 ஃப்ரீ த்ரோ போட்டிருந்தால் வாய்ப்புகள் ஏறக்குறைய 75. அவர்கள் எடுத்தது 66 புள்ளி என்றால் வாய்ப்புக்கு 0.88. வேறோர் ஆட்டத்தில் 55 வாய்ப்பில் 58 புள்ளி கொடுத்திருந்தால் வாய்ப்புக்கு 1.05. இரண்டாவதில் கொடுத்த புள்ளி குறைவுதான், ஆனால் தடுத்த விதம் மோசம்.

இந்த எண் ஏன் ஏறியது என்பதை நான்கு இடங்களில் தேடலாம். டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் வகுத்த அந்த நான்கு காரணிகள்: எதிரணி எவ்வளவு திறமாக ஷாட் போட்டது, எத்தனை முறை பந்தை இழந்தது, தவறிய தன் ஷாட்டுகளைத் தானே எவ்வளவு மீட்டது, எத்தனை ஃப்ரீ த்ரோ பெற்றது. இவற்றில் ஷாட்டின் தரத்துக்கே அவர் அதிக எடை கொடுத்தார். பறித்த பந்துகளைப் பெருமையாக எண்ணும் அணிகள் இந்த வரிசையை மனத்தில் வைக்க வேண்டும்.

3. முதலில் திரும்பி ஓடக் கற்பிக்கவும்

நிற்கும் நிலையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். நம் அளவிலான ஆட்டங்களில் எளிதாகப் போகும் புள்ளிகள் எதிரணியின் ஃபாஸ்ட் பிரேக்கில்தான் (நாம் திரும்பி வருவதற்குள் வேகமாக ஓடிவந்து தாக்குவதில்) போகின்றன. திரும்பி வந்து சேராத ஐவருக்கு எவ்வளவு நல்ல நிலை தெரிந்திருந்தும் பயனில்லை.

நம் அணி ஷாட் போடும் நொடியிலேயே தடுப்பாட்டம் தொடங்கிவிடுகிறது. மூன்று பேர் ரீபவுண்டுக்குப் போகலாம், இருவர் அக்கணமே பின்னால் ஓட வேண்டும். யார் அந்த இருவர் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பெயர் சொல்லி முடிவு செய்யவும். "யாராவது பின்னால் போங்கள்" என்றால் யாரும் போகமாட்டார்கள்.

பின்னால் வந்தவர்களுக்குரிய வரிசை: முதலில் வளையம், அடுத்து பந்து, கடைசியில் ஆள். முதலில் வருபவர் நேராக வளையத்துக்கு முன்னால் போய் நிற்பார். இரண்டாமவர் பந்தோடு வருபவரை மூன்று புள்ளிக் கோட்டுக்கு முன்பே எதிர்கொண்டு வேகத்தைக் குறைப்பார். மற்ற மூவரும் பெயிண்ட் வரை ஓடிவந்து, அங்கிருந்து தத்தம் ஆளை நோக்கி வெளியே போவார்கள். புதியவர்கள் ஓடும்போதே "என் ஆள் எங்கே" என்று தேடுகிறார்கள்; அந்தத் தேடலில் பந்து வைத்திருப்பவர் நடுவழியாகத் தடையின்றி உள்ளே வந்துவிடுகிறார்.

பயிற்சி இது. தாக்கும் ஐவர் வளையத்துக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டில், எதிரே ஃப்ரீ த்ரோ கோட்டின் நேரில் தடுக்கும் ஐவர். பயிற்சியாளர் பந்தை எல்லைக்கோட்டில் உள்ள ஒருவருக்குக் கொடுத்து, தடுப்பவர் ஒருவரின் பெயரைச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர் எல்லைக்கோட்டைத் தொட்ட பிறகே திரும்பி ஓடலாம். மற்ற நால்வர் அதுவரை ஐவரைச் சமாளிக்க வேண்டும். யாருக்கு யார் என்ற எண்ணத்தை இந்தப் பயிற்சி உடைத்துவிடும்.

பிழைகள் மூன்று. ஷாட் தவறியதும் நடுவரைப் பார்த்துக் கை விரிப்பது. தரையைப் பார்த்து ஓடுவது, அதாவது தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்க்காமல் ஓடுவது. பாதித் திடலுக்கு முன்பே பின்னோக்கி நடக்கத் தொடங்குவது. மூன்றாவது அக்கறைபோலத் தோன்றும். ஆனால் முன்னோக்கி ஓடி வருபவரைப் பின்னோக்கி நகர்பவர் ஒருபோதும் முந்த முடியாது.

4. பந்து வைத்திருப்பவரைக் காத்தல்

முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும். டெல்டாவில் இதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்கள் பலர் கபடி ஆடியவர்கள். தாழ்ந்து நிற்கவும் திசை மாறவும் அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களிடம் மாற்ற வேண்டியது கை. ஆள் நெருங்கியதும் பிடிக்க நீளும் அந்தக் கை, கூடைப்பந்தில் முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுலாகிவிடும். முதல் வாரம் அவர்கள் தம் பனியனின் கழுத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கால்களால் மட்டுமே காக்கட்டும். வாலிபால் ஆடி வந்தவரின் பழக்கம் வேறு: பந்து தலைக்கு மேல் போனதும் குதித்துவிடுவார், ஷாட் போடுவதுபோல் காட்டி ஏமாற்றினாலும் குதிப்பார். எதிரியின் கால் தரையை விட்டு எழும் வரை தன் கால் எழக்கூடாது என்பதே அவருக்குரிய ஒரே விதி.

பந்து வைத்திருப்பவரைப் பக்கக் கோட்டை நோக்கித் தள்ள வேண்டும். நடுவில் வந்தவருக்கு இருபுறமும் பாஸ் போட வழி உண்டு, உதவிக்கு வருபவர் எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்றே தெரியாது. ஓரத்துக்குப் போனவருக்குக் கோடும் ஒரு தடுப்பாளர். பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது நால்வருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் இதில் பெரிய லாபம்.

டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வதை) நிறுத்திப் பந்தைப் பிடித்துவிட்டவரை ஒரு மீட்டருக்குள் நெருங்கிச் சட்டப்படி காத்தால், ஐந்து விநாடிக்குள் அவர் பந்தை விட்டாக வேண்டும். அந்த நேரத்தில் கையை உயர்த்தி நெருங்கி நிற்பது போதும். தட்டப் போகத் தேவையில்லை.

5. பந்து இல்லாதவர்கள்: தடுப்பாட்டத்தின் உயிர் இங்கேதான்

பயிற்சி நேரத்தில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்கவும். ஐவரில் நால்வர் எப்போதும் பந்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடம் தவறினால் பந்தைக் காப்பவரின் உழைப்பு வீண்.

நான்கு பேருக்கு நான்கு பேராக நிறுத்தவும். தாக்குபவர்கள் மேலே இருவர், மூலைகளில் இருவர். அவர்கள் டிரிபிள் செய்யாமல் பந்தைப் பாஸ் மட்டும் செய்வார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் பிறகு பந்தைப் பிடித்தவர் இரண்டு நொடி வைத்திருக்கட்டும். அதற்குள் பயிற்சியாளர் நால்வரின் இடத்தையும் பார்த்துவிடலாம்.

இடங்கள் இவை. பந்தைக் காப்பவர் கை எட்டும் தூரத்தில். ஒரு பாஸ் தள்ளி இருப்பவரைக் காப்பவர், பாஸ் செல்லும் பாதையிலிருந்து ஓரடி உள்வாங்கி, பந்தையும் தன் ஆளையும் ஒரே பார்வையில் வைத்து. இரண்டு பாஸ் தள்ளி இருப்பவரைக் காப்பவர், ஒரு காலைப் பெயிண்டுக்குள் வைத்து, ஒரு கை பந்தையும் மறு கை தன் ஆளையும் சுட்டியபடி. அந்தச் சுட்டும் கைகளைச் சிறுபிள்ளைத்தனம் என்று மூத்த மாணவர்கள் விட்டுவிடுவார்கள். விட அனுமதிக்க வேண்டாம். கை சுட்டவில்லை என்றால் கண் ஒன்றை மறந்துவிட்டது என்று பொருள்.

இப்போது முக்கியமான விதி: பந்து காற்றில் இருக்கும்போதே நகர்ந்து முடிக்க வேண்டும். இடது மூலையிலிருந்து பந்து மேலே வருகிறது, அங்கிருந்து வலப்புறம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாஸின்போது உள்ளே நிற்கும் உதவியாளர் தலையை மட்டும் திருப்பிப் பந்தைப் பார்க்கிறார், கால் நகரவில்லை. இரண்டாவது பாஸ் கையை விட்டு வந்த பிறகு தன் ஆளை நோக்கிப் பாய்கிறார். பந்து அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அவர் வேகத்தோடு வந்து தாண்டிப் போவார், எதிரி ஒரே டிரிபிளில் உள்ளே போவார். பார்ப்பவர்கள் கடைசியில் தாண்டிப்போனவரைக் குறை சொல்வார்கள். பிழை நடந்தது ஒரு பாஸுக்கு முன்பு, அசையாமல் நின்ற அந்தக் காலில். பயிற்சியாளர் பந்தைப் பார்க்காமல் பந்திலிருந்து தள்ளி நிற்பவர்களின் கால்களைப் பார்த்தால்தான் இது தெரியவரும்.

இது வந்த பிறகு டிரிபிளை அனுமதிக்கவும். ஓரத்திலிருந்து ஒருவர் காப்பவரைத் தாண்டி உள்ளே வந்தால், இரண்டு பாஸ் தள்ளி நிற்பவர் வளையத்துக்கு முன்பே அவரை மறிக்க வேண்டும். மேலே நிற்பவர் கீழிறங்கி, மறிக்கப் போனவரின் ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டவிட்டவர் நின்று பார்க்காமல் காலியான இடத்துக்கு ஓட வேண்டும். ஆற்றங்கரையில் உடைப்பெடுத்தால் அவரவர் வயல் வரப்பில் யாரும் நிற்பதில்லை, எல்லோரும் உடைப்புக்கு ஓடி அடைத்துவிட்டுத்தான் தன் வயலுக்குத் திரும்புகிறார்கள். உதவியும் மீட்சியும் அதே வரிசைதான்.

மறிப்பவர் பெயிண்டுக்குள் இரு கால்களையும் தரையில் ஊன்றி எதிரியை நேருக்குநேர் பார்த்து நின்றுவிட்டால் அந்த இடம் சட்டப்படி அவருடையது. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதிப்பதும் அவர் உரிமை. ஆனால் வளையத்தின் மையத்துக்கு நேர்கீழே இருந்து 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுகொண்டு, காற்றில் எழுந்துவிட்டவர் மோதியதற்குச் சார்ஜ் (மோதிய தாக்குபவர் மேல் ஃபவுல்) கேட்க முடியாது. எனவே உதவி அரைவட்டத்துக்கு வெளியே, சீக்கிரமாக வர வேண்டும்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவர் மூன்றாமாண்டு மாணவரைப் பார்த்து "அண்ணே, இடது பக்கம் கொஞ்சம் போங்க" என்று தொடங்குவதற்குள் எதிரணி புள்ளி எடுத்துவிடும்; மரியாதை குறையுமோ என்ற தயக்கத்தில் பலர் வாயே திறப்பதில்லை. அதனால் அழைப்புச் சொற்களை அணியாக முடிவு செய்துகொள்ளவும்: "பந்து", "ஹெல்ப்", "ஸ்கிரீன் இடது", "ஷாட்". வயது பாராமல் எல்லோரும் எல்லோரிடமும் இதே சொற்களைத்தான் சொல்ல வேண்டும். இதை மூத்த மாணவர்களே தொடக்கத்தில் சொல்லிவிட்டால் இளையவர்களின் தயக்கம் சீக்கிரம் போய்விடும். குரல் வராத பாஸை எண்ணாமல், அந்தச் சுற்றை மீண்டும் ஆடவைக்கவும்.

6. வெளியே ஓடிவந்து காத்தல்

உதவப் போனவர் தன் ஆளிடம் திரும்பும் ஓட்டத்தைத்தான் ஆட்டக்காரர்கள் க்ளோஸ் அவுட் என்கிறார்கள். தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை முழு வேகத்தில் ஓடி, கடைசிப் பங்கில் சின்னச் சின்ன அடிகளாகக் குறைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி வந்து நிற்க வேண்டும். வேகம் குறையாமல் வருபவரை எதிரி ஒரு போலி அசைவில் கடந்துவிடுவார்.

எவ்வளவு நெருங்குவது என்பது எதிரியைப் பொறுத்தது. மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், அங்கிருந்து உண்மையிலேயே போடக்கூடியவர் ஓர் அணியில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அவர்களின் எண்களை முதல் கால்பகுதிக்குள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மற்றவர்களிடம் ஓரடி முன்பாகவே நின்றுகொள்ளலாம். ஆடி மாதக் காற்று வீசும் திறந்தவெளித் திடலில் தூர ஷாட்டுகள் இன்னும் நம்பமுடியாதவை. அன்று எல்லோரும் ஓரடி கூடுதலாக உள்ளே நிற்கட்டும்.

7. ஸ்கிரீனுக்கு ஒரே ஒரு விடை

ஸ்கிரீனைச் சமாளிக்கப் பல முறைகள் உண்டு. முதல் பருவத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளவும். என் தேர்வு: ஸ்கிரீன் போடுபவரைக் காக்கும் உயரமானவர் ஓரிரு அடி பின்வாங்கி வளையத்தைக் காப்பார், பந்தைக் காப்பவர் ஸ்கிரீனைச் சுற்றி வந்து சேர்வார். உள்ளே போகும் பாஸும் லே-அப்பும்தான் எதிரணிக்கு அதிக லாபம் தருபவை, இந்த முறை இரண்டையும் மூடுகிறது; நடுத்தூர ஷாட் ஒன்றுதான் திறந்திருக்கும். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம் என்றால் ஆளை மாற்றிக்கொள்வது எளிது. எதுவானாலும் "ஸ்கிரீன்" என்ற குரல், ஸ்கிரீன் வந்து மோதுவதற்கு முன்பே வர வேண்டும்.

8. ரீபவுண்ட் கைக்கு வரும் வரை

24 விநாடியும் நன்றாகத் தடுத்துவிட்டு ரீபவுண்டை எதிரணியிடம் விடுவது பெரிய இழப்பு. பந்து வளையத்தில் பட்டு அவர்கள் கைக்கே போனால் இன்னொரு 14 விநாடி கிடைக்கிறது, அதுவும் வளையத்துக்குப் பக்கத்திலேயே.

"ஷாட்" என்ற குரல் கேட்டதும் பந்தை நிமிர்ந்து பார்ப்பது இயல்பு. அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்: முதலில் தன் ஆளைப் பார்த்து, முன்கையால் தொட்டு, திரும்பி முதுகால் மறித்து, அதன் பிறகே பந்தை நோக்கிப் போக வேண்டும். பயிற்சியில் பந்து தரையில் விழும் வரை எல்லோரும் மறித்தபடியே நிற்கட்டும். பந்தை எடுப்பதைவிட மறிப்பதே அப்போது இலக்கு.

நம் திறந்தவெளித் திடல்கள் பலவற்றில் வளையம் ஸ்பிரிங் இல்லாத இரும்பு. அதில் பட்ட பந்து தூரம் தெறிக்கும். எனவே கார்டுகள் (வெளிப்பகுதியில் ஆடுபவர்கள்) ஃப்ரீ த்ரோ கோடு வரை இறங்கி வந்து, அந்த நீண்ட ரீபவுண்டுகளை எடுக்க வேண்டும். மூலையிலிருந்து போட்ட ஷாட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும். எதிர்ப்பக்கத்தில் மறிப்பவரைச் சோம்பலாக நிற்க விடக்கூடாது.

9. சோன் எப்போது

மேலே உள்ள எட்டும் வந்த பிறகு 2-3 சோனைச் சேர்க்கலாம். உயரமானவர் ஃபவுல் சிக்கலில் இருக்கும்போதும், எதிரணிக்குத் தூர ஷாட் இல்லாதபோதும் அது உதவும். ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுப்பகுதியும் மூலைகளும் அதன் பலவீனங்கள். சோனில் தனக்கென்று ஆள் இல்லாததால் ரீபவுண்டில் யாரை மறிப்பது என்ற குழப்பம் வரும். தன் பகுதியில் அருகில் இருப்பவரை மறிக்க வேண்டும் என்று தனியாகப் பழக்க வேண்டும். ஆளுக்கு ஆள் காக்கத் தெரியாததால் சோன் ஆடும் அணியை, பொறுமையாகப் பாஸ் போடும் எந்த அணியும் உடைத்துவிடும்.

10. ஆட்டத்தின்போது பெஞ்சிலிருந்து

நோட்டில் ஷாட்டுகளோடு நான்கு விஷயங்களைக் கோடிட்டு எண்ணச் சொல்லவும்: ஃபாஸ்ட் பிரேக்கில் போன புள்ளிகள், பெயிண்டுக்குள் பந்து நுழைந்த முறைகள், எதிரணி மீட்ட ரீபவுண்டுகள், கால்பகுதியின் அணி ஃபவுல்கள். இடைவேளையில் இவற்றில் அதிகம் ஏறிய ஒன்றை மட்டும் பேசவும். நான்கையும் பேசினால் களைத்த மாணவர்களின் மனத்தில் எதுவும் பதியாது.

மாற்று ஆட்டக்காரரை அனுப்பும்போது அவர் யாரைக் காக்கப் போகிறார், அந்த எதிரி எந்தக் கையால் டிரிபிள் செய்கிறார் என்ற இரண்டையும் சொல்லி அனுப்பவும். வெளியே வருபவரே அதை உள்ளே போகிறவரிடம் சொல்லும் பழக்கம் இன்னும் நல்லது.

தடுப்பவரின் கால் தளர்ந்ததற்கு முதல் அடையாளம் கை நீள்வது. ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை கையால் எட்டிப் பிடித்தால், ஃபவுல் விசில் ஒலிக்கும் வரை காத்திருக்காமல் அவரை ஓரிரு நிமிடம் உட்கார வைக்கவும். நான்காவது அணி ஃபவுல் ஆனதும் பெஞ்சிலிருந்து உரக்க "நாலு" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தக் கால்பகுதியில் பந்தைத் தட்டும் முயற்சி வேண்டாம், இடத்தில் நின்று கையை உயர்த்தினால் போதும்.